ஓடும் எழுத்து

ஆலை வாசல் போராட்டத்தில் போலீசால் சுடப்பட்டவர்கள் எல்லோர் கையிலும் கல் இருந்தது என்று அமைச்சர் சொன்னதிலிருந்து லூர்தம்மாள் தொலைக்காட்சியை அணைக்கவே இல்லை. அதே காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். கூட்டம் சிதறி ஓடும். அவள் புருஷன் சவரிராஜ் மட்டும் திரும்பி நிற்பான். நெஞ்சு ஒருமுறை தூக்கிப்போடும். சட்டையெல்லாம் ரத்தமாக மண்டியிடுவான். அவன் வலது கை மட்டும் தெரியாது. திரையின் அடியில் ஓடும் பங்குச்சந்தை எழுத்துகள் அதை மறைத்துவிடும்.

“அண்ணன் சாகுறத எத்தன தடவ பாப்பிய மைனி? அமத்துங்க,” என்றான் கொழுந்தன் கஸ்பார், சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

“சாகுறதயா பாக்கேன்? கையப் பாக்கேன்டே.”

ஒரு கம்பெனியின் பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே சின்ன இடைவெளி ஒன்று ஓடியது. அது அவன் கைக்கு நேரே வரட்டும் என்று காத்திருந்தாள்.

திரையில் மறுபடியும் சுட்டார்கள். அவன் மண்டியிட்டான். இந்த முறை இடைவெளி சரியாக வந்து சேர்ந்தது. ஐந்து விரலும் விரிந்திருந்தன.

“கஸ்பாரு, பாருடே! வெறுங்கைடே!”

அவன் திரும்புவதற்குள் அந்த ஆலையின் பெயர், பச்சை நிற ஏறுமுக அம்புக்குறியோடு வந்து கையை மூடிவிட்டது.