திரியாய்க்காரனுக்கு நாலு பிளக்

குலசிங்கத்தின் கடைப்படி மிதிப்பதைவிடக் காரைத் தள்ளிக்கொண்டே மட்டக்களப்புக்குப் போய்விடலாம் என்றார் சோமசேகரம்.

“தள்ளுறது ஆர்?” என்றாள் மனைவி பூரணி. “நாளைக்குக் கண் ஒப்பரேஷனுக்குப் போற நானோ?”

அந்தத் திகதி கிடைக்க அவள் பட்ட பாடு அவருக்கும் தெரியும். இதை விட்டால் இனி எப்போதோ.

“வான் ஒண்டு பிடிப்பமே?” என்றாள் பூரணி.

“வீட்டில கார் நிக்க வானோ? சனம் சிரிக்கும்.”

சனம் ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருந்தது. அவருடைய பழைய ஒஸ்டின் கார் முற்றத்தில் இருமிக்கொண்டு நின்றது. இஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் பிளக் நாலும் தேய்ந்துவிட்டன. கடை கடையாக ஏறி இறங்கி, மரை சரிவந்த நாலு பிளக்கைக் கண்டுபிடித்தார். கொஞ்சம் நீளம். நீளம் கூடினால் நெருப்பும் கூடும் என்று தானே ஒரு விஞ்ஞானம் சொல்லிப் பூட்டினார். இஞ்சினுக்குள் டொக்கென்று ஒரு சத்தம். கழற்றிப் பார்த்தால் பிளக்கின் மூக்கு நசுங்கியிருந்தது.

இனிக் குலசிங்கத்தின் கடைதான். பழைய கார்ச் சாமான் வைத்திருப்பவன் ரவுணில் அவன் ஒருவன்.

அவனோடு என்ன கோபம்? தன் மகளின் கலியாணத்துக்குச் சொல்ல அவன் வந்த நேரம் சோமசேகரம் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். அவர் வருமட்டும் நில்லாமல், அழைப்பிதழைப் பூரணியின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். வீட்டுக்காரனுக்குச் சொல்லாத கலியாணமும் ஒரு கலியாணமோ? அந்தப் பெட்டை இப்போது தன் பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போகிறாள். சோமசேகரத்தின் தலைதான் இன்னும் காயவில்லை.

யோசித்து யோசித்து, பக்கத்து வீட்டு ஓட்டோக்கார அஷ்பாக்கைக் கூப்பிட்டார்.

“எனக்கெண்டு சொல்லிப்போடாதை. திரியாய் ஊரில ஒராள் கேட்டதெண்டு சொல்லு.”

“ஐயா, உந்தக் கார் இந்தப் பக்கம் ரெண்டுதானே நிக்குது. ஒண்டு உங்கட, மற்றது குலசிங்கத்தார்ட.”

“அது உனக்கு விளங்கும். அவனுக்கு அவ்வளவு மூளை இல்லை.”

பின்னேரம் அஷ்பாக் ஒரு கடதாசிப் பொட்டலத்தோடு வந்தான். பிரித்துப் பார்த்த சோமசேகரத்தின் முகம் மலர்ந்தது. கோபத்துக்குப் புதுத் தீனி.

“பாத்தியா? பழசு! தேய்ச்சுக் கழுவித் திரியாய்க்காரன்ட தலையில கட்டிப்போட்டான். கள்ளன்!”

“இல்லை ஐயா, அவர் கடைக்குள்ள தேடிப்போட்டு, வெளியில போய்...”

“அவன்ட கதையை விடு!”

முணுமுணுத்துக்கொண்டே பூட்டினார். முதல் திருகிலேயே கார் பாடத் தொடங்கியது. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒப்பரேஷன் முடிந்து வந்ததும் குலசிங்கத்தின் முகத்துக்கு நேரே கேட்கவேண்டிய கேள்விகளை அடுக்கி வைத்துக்கொண்டு படுத்தார்.

காலையில் பூரணியை ஏற்றிக்கொண்டு உட்துறைமுக வீதியால் வந்தார். குலசிங்கத்தின் கடை வாசலில் அவனுடைய ஒஸ்டின் பொனட்டைத் திறந்தபடி நின்றது.

“இஞ்சேர், அவன்ட கார் படுத்திட்டுது!”

“எனக்கெங்கையப்பா தெரியுது?”

ஹோன் அடித்துக்கொண்டு போகத்தான் நினைத்தார். அது போதாது போலிருந்தது. இஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, திறந்த பொனட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

பிளக் இருக்கவேண்டிய நாலு துவாரங்களிலும், தூசி போகாமல், பழந்துணி அடைத்திருந்தது.

கடைக்குள்ளிருந்து குலசிங்கம் கத்தினான்.

“டேய் சேகரம், ஏன்டா இறங்கினனீ? பூரணித் தங்கச்சிக்கு நேரம் போகுது, எடடா காரை!”