ஷௌக்கி பிழைப்பானா?

"சார், நேத்து ஒரே நாள்ல நாலு தடவை செத்துட்டீங்க!"

பிஷோய் சொன்னதும் ஆய்வகமே சிரித்தது. இன்ஜினியர் ஷௌக்கி கையிலிருந்த கான்கிரீட் கட்டியை மேசைமேல் டொக்கென்று வைத்தார். அலெக்ஸாண்ட்ரியாவின் அந்த இன்ஜினியரிங் கல்லூரியில், இரும்பையும் கான்கிரீட்டையும் நசுக்கி வலிமை பார்க்கும் ஆய்வகம் அவர் பொறுப்பு. போன மாதம்வரை அவர் இருமினால்கூடப் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எல்லாம் கணக்குப் பேராசிரியை டாக்டர் நெர்மீன் செய்த வேலை. இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்காக இணையத்தில் பயிற்சிக் கேள்விகள் போட்டுவந்தார். ஆளுக்கு ஆள் எண்கள் மாறும். பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுத முடியாது. ஆனால் கதாநாயகன் மட்டும் எல்லாருக்கும் ஒருவனே. சுவரில் சாய்த்த ஏணி வழுக்குகிறது, உச்சியில் ஷௌக்கி. எந்த வேகத்தில் விழுவான்? பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்காமல் கெய்ரோவுக்குக் கார் எடுக்கிறான் ஷௌக்கி. பாலைவனத்தில் எங்கே நிற்பான்? விடை தப்பினால் திரையில் சிவப்பு எழுத்து: 'தவறு. ஷௌக்கி இறந்துவிட்டான். மீண்டும் முயல்க.'

"எனக்குச் சரியா வந்துச்சு சார்," என்றாள் யுஸ்ரா, ஆறுதலாக. "உங்களுக்குக் கால் மட்டும்தான் உடைஞ்சுது."

"ரொம்ப நன்றிம்மா."

இஸ்திரி போடாத சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஷௌக்கி நேரே மாடிக்குப் போனார்.

டாக்டர் நெர்மீன் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அடுத்த மேசையில் இருந்த இளம் விரிவுரையாளர், எதையோ படிப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டார்.

"என் பேரை எடுத்துடுங்க டாக்டர்."

"எந்தப் பேரை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. கேண்டீன்ல சாண்ட்விச் போடறவன்கூட, 'இன்னும் உசிரோட இருக்கீங்களா சார்'னு கேக்கறான். நான் ஒரு வகுப்பை நடத்த வேண்டாமா?"

"ஊர்ல ஷௌக்கின்னு நீங்க ஒருத்தர்தானா?" நெர்மீன் தலை நிமிரவே இல்லை. "மாடித் தொட்டிக்குக் குழாயைத் திறந்து விட்டுட்டு, மேட்ச் பார்க்கப் போற ஷௌக்கி ஆயிரம் பேர் இருப்பாங்க. உங்களுக்கு ஏன் குத்துது?"

ஷௌக்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கேள்வியில தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்தறேன்."

"கேள்வியில தப்பு இல்ல."

"அப்புறம் என்ன? போன வருஷம் இந்தப் பசங்க பயிற்சிக் கணக்குப் பக்கமே எட்டிப் பார்க்கல. இப்ப நீங்க பிழைப்பீங்களா மாட்டீங்களான்னு பார்க்க, சாப்பாட்டை விட்டுட்டுப் போடறாங்க. இந்தத் தடவை பாதிப் பேராவது தேறுவாங்க. உங்க புண்ணியம்."

"அவங்க பாஸாக நான் சாகணுமா?"

"கணக்குலதானே சாகறீங்க."

"டீனுக்கு எழுதிப் போட்டுடுவேன்."

"தாராளமா. என்னன்னு எழுதுவீங்க? 'ஏணியில இருந்து என்னைத் தள்ளிவிடறாங்க'ன்னா?"

அடுத்த மேசையில் இருமல் மாதிரி ஒரு சிரிப்பு கேட்டது. ஷௌக்கி அந்தப் பக்கம் ஒரு முறை முறைத்தார். பிறகு குரல் தானாக இறங்கிவிட்டது.

"இத்தனை கேள்வி போட்டீங்களே. ஏதாவது ஒண்ணுலயாவது நான் நல்லபடியா வீடு போய்ச் சேரக் கூடாதா?"

நெர்மீனின் பேனா நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே இன்னொரு தடவை துடைத்தார்.

"அப்படி ஒரு தரவு என்கிட்ட இல்ல," என்றார். "எனக்கு வகுப்பு இருக்கு. நீங்க போகலாம்."

ஷௌக்கி இறங்கிப் போய்விட்டார். அன்று முழுக்க ஆய்வகத்தில் இருந்த எந்திரத்தைவிட அவர்தான் அதிகமாக எல்லாரையும் நசுக்கினார்.

மறுநாள் மதியம் வகுப்பு பாதி ஓடிக்கொண்டிருந்தபோது, பிஷோய் போனைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டான்.

"சார்! புதுக் கேள்வி வந்திருக்கு! படிக்கட்டுமா?"

"உட்காருடா."

"படிச்சுட்டு உட்காருறேன் சார்." ஷௌக்கி கை நீட்டுவதற்குள் அவன் உரக்கவே ஆரம்பித்துவிட்டான். "'அக்கா வீட்டுச் சோபாவில் படுத்துக் கழுத்துப் பிடித்துக்கொண்ட ஷௌக்கி, இன்று கல்லூரியிலிருந்து டிராம் ஏறி நேராக வீட்டுக்குப் போகிறான். வீட்டில் ஐந்து மணிக்கு மடவை மீன் பொரிக்கப்படும். மீன் ஆறுவதற்குள் போய்ச் சேர அவன் எப்போது கிளம்ப வேண்டும்? காற்றின் தடையையும் போன மாதச் சண்டையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.'"

ஆய்வகம் ஒரு நொடி யோசித்தது.

"தரவு பத்தலையே," என்றாள் யுஸ்ரா. "டிராம் வேகம் சொல்லல. எண்ணெய்ச் சூடும் சொல்லல."

"ஆறுதுன்னா குளிர்ச்சி விதியைப் போடு."

"சட்டிச் சூடு தெரியாம எப்படிடா போடறது?"

"எது எப்படியோ, இந்தத் தடவை சார் சாகல!"

ஷௌக்கி பிஷோயின் கையிலிருந்து போனை வாங்கித் தானே படித்தார். முதல் வரிக்குத் திரும்பி மறுபடி படித்தார். கழுத்தை மெல்லத் தடவிக்கொண்டார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"சார், மணி மூணுதான் ஆகுது! எங்களுக்கு விடையே வரல, அதுக்குள்ள எங்கே கிளம்பிட்டீங்க?"

"உங்களுக்கு விடை வர்ற வரைக்கும் நின்னா மீன் கருகிடும்டா!" வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே கத்தினார் ஷௌக்கி. "உங்க டாக்டருக்குக் கணக்கு மட்டும்தான் வரும், கல்யாணமான நாள்லேருந்து எங்க வீட்டுல மீன் பொரிக்கறது நான்தான்!"