கிட்டத்து ஆஸ்பத்திரி

"கிட்ட இருக்கிறது பெருசாத் தெரியும், தூரத்துல இருக்கிறது சின்னதாத் தெரியும். விளங்குச்சா?"

பிள்ளைகள் தலையாட்டினார்கள். ஆனால் நாகலிங்கம் வாத்தியாரின் கவனமெல்லாம் கடைசி வாங்குப் பலகையில் இருந்த பெரியவர்மேல்தான். கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, மடியில் குடை. பாடம் தொடங்கியபின் வந்தவர், நடத்துங்கள் என்று கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் அது. இந்த வாரம் இன்ஸ்பெக்டர் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். அவர் சரி என்றால்தான் புது வாத்தியாருக்கு வேலை நிலைக்கும்.

ஜன்னலில் தெரிவதைச் சிலேட்டில் வரையச் சொன்னார் வாத்தியார். வாசலில் மரம், பள்ளத்தில் இறங்கும் ரோட்டு, எதிர்மலையில் ஆஸ்பத்திரி. மரம்தான் பெரிதாக வர வேண்டும், ரோட்டு போகப் போகக் குறுக வேண்டும், ஆஸ்பத்திரி கட்டைவிரல் அளவு போதும் என்று விளக்கினார்.

எல்லோரும் அப்படியே வரைந்தார்கள், காளியாயியைத் தவிர. அவள் சிலேட்டில் மரம் ஈர்க்குச்சியாக நின்றது. மிச்ச இடம் முழுக்க ஆஸ்பத்திரி. அதன் வராந்தாவில் கூரையை இடிக்கிற உயரத்தில் ஒரு பெண்.

"ஏம்மா, ஆஸ்பத்திரி மலையிறங்கி நம்ம வாசலுக்கே வந்துருச்சா?" என்றார் வாத்தியார். வகுப்பு சிரித்தது.

பெரியவர் எழுந்து வந்து சிலேட்டை வாங்கிப் பார்த்தார். ஏன் இப்படி வரைந்தாய் என்று அவளிடமே கேட்டார்.

"எங்களுக்குத்தாங்க அது தூரம். வாத்தியாருக்குக் கிட்டங்க" என்றாள் காளியாயி. "எந்நேரமும் அங்கிட்டுத்தான் பாப்பாரு. நர்சம்மா வெளிய வந்தா கணக்கைப் பாதியிலயே விட்டுருவாரு."

வகுப்பு இன்னும் பலமாகச் சிரித்தது. பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளைகளை விளையாட அனுப்பச் சொன்னார்.

அந்த நர்சம்மாவோடு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை என்றார் வாத்தியார். இனி ஜன்னலைச் சாத்திவிட்டே பாடம் நடத்துகிறேன், வேலையை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சினார்.

"ஜன்னலைச் சாத்திறாதீங்க தம்பி" என்றார் பெரியவர். "நான் இன்ஸ்பெக்டர் இல்ல. உடப்புசல்லாவையில இருந்து வர்றேன், அந்த நர்சுப் பொண்ணோட அப்பா. எந்த மாப்பிள்ளையச் சொன்னாலும் வேணாங்கிறா. ஏம்மான்னு கேட்டா, அங்கயிருந்து இந்த ஜன்னலைக் காட்டுறா."