ஐந்து விநாடிக் கணக்கு

தீவில் சாத்தம் மர ஆலையின் காலைச் சங்கு ஓய்கிறது. தொலைபேசி நிலையத்தின் இணைப்புப் பலகையில் வெயில் சாய்ந்து விழுகிறது. தற்காலிக ஆபரேட்டர் ஜெயமணியின் நாற்காலிக்குப் பின்னால், மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த மேற்பார்வையாளர் சிவஞானம் ஸ்டாப் வாட்சுடன் நிற்கிறார். அழைப்பு வந்தால் பலகையில் ஒரு சிறு தகடு விழும். ஐந்து விநாடிக்குள் 'நம்பர் ப்ளீஸ்' சொல்ல வேண்டும். பிந்தினால் அவள் வேலை நிரந்தரமாகாது. "'நம்பர் ப்ளீஸ்' சொல்லிட்டு ஆளை அப்படியே காக்க வைடி, மார்க் வந்துடும்," என்று பக்கத்து நாற்காலி மஸூதா கிசுகிசுக்கிறாள். இன்று எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஜெயமணியின் காதில் பெரார்கஞ்ச் கிராமத்திலிருந்து ஒருவன் மூச்சிரைக்கிறான். மனைவிக்குப் பிரசவ வலி, ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரைக் கூப்பிட வார்டுக்கு ஓடியிருக்கிறார்கள். "லைன்ல இருங்க அண்ணா, நான் போகமாட்டேன்," என்கிறாள். டக்கென்று ஏழாவது தகடு விழுகிறது. இவன் லைனை விட்டு விலகினால்தான் அதை எடுக்க முடியும். "முப்பது செகண்ட் ஆச்சும்மா," என்கிறார் சிவஞானம். பயம் வராதது அவளுக்கே புதிதாக இருக்கிறது. திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டரின் குரல் வருகிறது, ஜீப் கிளம்புகிறது என்கிறது. அதைப் பெரார்கஞ்சுக்குச் சொல்லிவிட்டுத்தான் ஏழாவது அழைப்பை எடுக்கிறாள். "நாலு நிமிஷம்," என்று சிவஞானம் எழுதுகிறார். அவர் தாளில் தகடு விழுந்த நேரம், பதில் சொன்ன நேரம் என்று இரண்டே கட்டங்கள். ஜெயமணி பென்சிலை அவர் கையிலிருந்து எடுத்து, பக்கத்தில் மூன்றாவது கட்டம் வர நீளமாக ஒரு கோடு கிழிக்கிறாள். "கூப்பிட்டவங்களுக்குக் காரியம் ஆன நேரத்தை இதுல எழுதுங்க சார். எங்க எல்லார் பேருக்கும் நேரா எழுதுங்க."