கடைசிக் கடல்

முதல் அடி தோளில் விழுந்தது. கலை என்றால் சங்கரனுக்கு அவ்வளவு உயிர்.

மாட்டுங்காவில் ஓவியக்கூடம் நடத்தும் அவர், மிலானில் வாங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் தன் பெல்ட்டைக் கழற்றி விளாசிக்கொண்டிருந்தார். அடி வாங்கியவன் லாசர். தாராவியில் பெல்ட், பர்ஸ் தைக்கிற பட்டறைக்காரன். டிரைவர் சாய்நாத் அவன் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தான். கிழித்த தோல் மூட்டைகளுக்கு நடுவே தையல் மெஷின் கவிழ்ந்து கிடந்தது.

"பிரம்மநாயகத்தோட 'கடைசிக் கடல்' எங்கேடா?"

"பிரம்மநாயகம்னா யாரு சார்?"

ஒரு மேதையைத் தெரியாதவனைச் சங்கரனால் மன்னிக்க முடியவில்லை. அடுத்த அடியில் லாசரின் உதடு கிழிந்தது.

கித்தான் வாங்க வழியில்லாமல் தோலில் வரைந்து, இதே சந்தில் செத்துப்போன ஓவியர் பிரம்மநாயகம். அவர் அறையிலிருந்த சாமான்களை மொத்தமாக எடுத்தவன் லாசர். நாளை மாலை செம்பூரில் அந்த ஓவியத்தைத் திறந்துவைப்பதாகச் சங்கரன் ஊருக்கெல்லாம் அழைப்பிதழ் அனுப்பியாகிவிட்டது. 'என் உடம்போடு ஒட்டிய ஓவியம்' என்று அதில் எழுதியும் இருந்தார். கண்ணால் பார்த்ததில்லை.

மேலும் நாலு அடி. லாசரின் வெள்ளை பனியனில் ரத்தக் கோடுகள். பக்கத்திலேயே நீலத் துணுக்குகள். பட்டறையில் சாயத்துக்கா பஞ்சம்!

"போல் நா, பே!" சொல்லச் சொல்லி சாய்நாத் முட்டியால் முதுகில் இடித்தான்.

"தோல்லே வரைஞ்சதுடா! முழுக்க நீலக் கடல், ஓரத்திலே ஒத்தைச் சிவப்புத் தோணி!"

லாசர் வீங்கிய கண்ணைத் திறந்தான். "அந்த நீலத் தோலா சார்? அத போன வருசமே வெட்டிட்டேனே!"

"வெட்டிட்டியா?"

"மேல தெரியுததுதான சார் நல்ல தோலா இருக்கணும்? அடியில எதையாவது வச்சி ஒட்டுவோம். யாரு பாக்கப் போறா?"

சங்கரன் கண்மண் தெரியாமல் அடித்தார். சாய்நாத்தே பயந்து பிடியை விட்டான். லாசர் பாய்ந்து பெல்ட்டின் நுனியைப் பிடித்தான். செத்தோம் என்று சங்கரன் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

அடி விழவில்லை. லாசர் பெல்ட்டைப் புரட்டி, தையலை விரலால் தடவிப் பார்த்தான்.

"பாத்து அடிங்க சார், தோணி உதிருது."