தழும்பு இல்லாத வயிறு

மயக்கம் தெளிந்ததும் ஜெசிந்தா வயிற்றைத் தடவிப் பார்த்தாள். தையல் இல்லை, வரி இல்லை. மார்பில் பால்கூடக் கட்டவில்லை. பிள்ளை பெற்ற எல்லாருடைய உடம்பையும் இப்போது ஆஸ்பத்திரியிலேயே பழையபடி மாற்றித்தான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவளுடைய பிள்ளை மட்டும் பிறந்ததுமே இறந்துவிட்டது.

"அந்தத் தழும்பையாவது விட்டிருக்கலாமே சிஸ்டர். அவன் என் வயித்துல இருந்தான்னு சொல்ல வேற என்ன இருக்கு?"

"எல்லாருக்கும் செய்றதுதாம்மா," என்று நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டு வாசலில், எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் சிரித்தபடி கேட்டாள்: "என்னக்கா, விசேஷம் ஏதும் உண்டா?"

"இன்னும் இல்ல," என்றான் ஜெசிந்தாவின் கணவன் அவசரமாக.

"பையன் பொறந்தான்," என்று சொல்லிவிட்டு, ஜெசிந்தா படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.