பியூலா கோட்டை

ஏழாவது கோட்டையின் கதவு திறந்தது.

அவள் இமைக்கவில்லை. இமைத்தால் போச்சு. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு வௌவால் தரையை ஒட்டி வரும்.

குதித்தாள். வௌவால் காலுக்கடியில் போனது.

இன்னும் ஒரு கோட்டை. கையில் ஒரே ஒரு உயிர்.

காலை பத்து மணிக்கு ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தவள். இப்போது மணி மூன்று. ஐந்து முறை செத்தாள். ஐந்து முறையும் முதல் கோட்டையிலிருந்து ஆரம்பித்தாள். கீழே பிரியாணி ஆறிப்போய்க் கிடக்கிறது.

பாளையங்கோட்டையில் அவள் அண்ணன் ரூபனின் வீட்டு மாடி அது. பழைய வீடியோ கேம் பெட்டிகளை வயசு வாரியாக அடுக்கி வைத்திருக்கிறான். எது உசத்தி என்று சண்டை போடுவதற்கென்றே அவனும் சிநேகிதர்கள் நாலு பேரும் சனிக்கிழமைகளில் கூடுகிறார்கள். எல்லாருக்கும் நாற்பது தாண்டியாயிற்று. வழுக்கை வந்துவிட்டது, தொப்பை வந்துவிட்டது, சண்டை மட்டும் ஓயவில்லை. இன்றைக்கும் அவள் முதுகுக்குப் பின்னால் அதுதான் நடக்கிறது.

அண்ணனுக்கு சிடி போடுகிற பெட்டிதான் உயிர். அதில் மெமரி கார்டு உண்டு. விட்ட இடத்தில் தொடரலாம், ஜெயித்ததற்கு அத்தாட்சியும் இருக்கும். கேசட் பெட்டியெல்லாம் ஒரு பெட்டியா, சுவிட்சை அணைத்தால் பட்ட பாடெல்லாம் போச்சு என்பான்.

அவளுக்குக் கேசட் பெட்டிதான் பிடிக்கும்.

போச்சு என்பதால்தான் பிடிக்கும். நேற்று ஜெயித்தது அதனிடம் இன்றைக்குச் செல்லாது. கை சரியாக இருந்தால் வா, இல்லையென்றால் நடையைக் கட்டு என்று சொல்கிற பெட்டி அது. அந்தத் திமிர் அவளுக்கும் உண்டு.

ஆனால் அதே பெட்டிதான் அவளைக் கைவிட்டது.

பன்னிரண்டு வயதில், வீட்டில் எல்லாரும் சர்ச் அசனத்துக்குச் சாப்பிடப் போயிருந்த ஒரு மத்தியானம். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு அவள் போகவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்து, எட்டுக் கோட்டையையும் தன்னந்தனியாகப் பிடித்தாள். அவர்கள் திரும்பி வருவதற்குள் கரண்ட் போய்விட்டது.

ஆட்டத்தின் முடிவில் திரையில் பார்த்ததை எல்லாரிடமும் சொன்னாள். தெருவே சிரித்தது. எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தவன் அண்ணன். அவன் அதை எப்போதோ முடித்துவிட்டானாம். கடைசியில் இளவரசி மாலையோடு வருவாளாம்.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் பொய்க்குப் பெயர் பியூலா கோட்டை.

பியூலா அவள்தான்.

மழை வரும் என்று டிவியில் சொல்லி வராமல் போனால், அது பியூலா கோட்டை. கடன் வாங்கியவன் நாளைக்குத் தருகிறேன் என்றால், அது பியூலா கோட்டை. கல்யாணமான மூன்றாம் வாரமே அவள் கணவர் அதைக் கற்றுக்கொண்டார். அவளும் சிரித்து வைத்தாள். போன மாதம் அவள் பெற்ற மகள் யாரிடமோ போனில் சொன்னபோதுதான் சுருக்கென்றது.

அந்த எட்டுக் கோட்டைக் கேசட் சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில் அண்ணனுக்குக் கிடைத்திருக்கிறது என்று நேற்றுத்தான் கேள்விப்பட்டாள். இன்றைக்கு நாசரேத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தாள்.

எட்டாவது கோட்டை.

இரும்பு யானை வந்தது. இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. தும்பிக்கையை அடித்துப் பிரயோசனம் இல்லை. அது காலைத் தூக்கும்போது அடியில் புகுந்து அடிக்க வேண்டும்.

புகுந்தாள். அடித்தாள். வெளியே வந்தாள்.

யானை திரும்புவதற்கு முன்பே அவள் திரும்பிவிடுகிறாள் என்பதை முதலில் கவனித்தவர் சிநேகிதர்களில் ஒருவரான தாவூது. கையிலிருந்த டீயை அப்படியே கீழே வைத்தார். பின்னால் சண்டை நின்றுபோயிருந்தது.

மறுபடி புகுந்தாள். கட்டைவிரல் எரிந்தது.

யானை சரிந்தது.

திரை கறுத்தது. அப்புறம் கடல் வந்தது.

அவள் இவ்வளவு நேரம் ஆட்டிவைத்த குட்டி வீரன் கோட்டைச் சுவரில் ஏறி உட்கார்ந்தான். இரும்புத் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். மடியிலிருந்து எதையோ எடுத்து, காலை ஆட்டிக்கொண்டே சாப்பிட ஆரம்பித்தான்.

அவ்வளவுதான்.

அன்றைக்கு அவள் சொன்னது இதைத்தான். எட்டுக் கோட்டையைப் பிடித்தவன் உட்கார்ந்து சாப்பிடுவானா என்றுதான் தெரு சிரித்தது.

பியூலாவுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. இந்த ஊரிலேயே தன்னைவிட உயரமானவர் யாரும் இல்லை என்று தோன்றியது. அண்ணனிடம் நாலு வார்த்தை கேட்பதற்கு பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்தாள். கேட்கத் திரும்பினாள்.

மாலையோடு வருவாள் என்றாயே, அந்த இளவரசி எங்கே என்று தாவூது கேட்டுக்கொண்டிருந்தார். ரூபன் காதில் அது விழவில்லை. எப்போது நாற்காலியை விட்டு இறங்கினானோ, டிவிக்கு ஒரு முழம் தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"ஏளா," என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "என்னத்தத் திங்கான் அவன்?"

அவள் தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் தேவைப்படவில்லை.

"தெரியலண்ணே," என்றாள். "அன்னைக்கும் உத்து உத்துத்தான் பார்த்தேன்."